பத்து நாளில் எத்தனை பிரான்ஸ்?

பாலிகஞ்சின் சாப்பாட்டு மேஜைகளில் ஐரோப்பிய வரைபடம் விரிகிறது. எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதுதான் கடினமான முடிவு.

துர்கா பூஜைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே பாலிகஞ்சில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. கரியாஹாட் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிறவரும், நடைபாதைக் கடையில் புடவையைப் பிரித்துப் பார்ப்பவரும், சற்றுத் தள்ளி லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்குகிற தமிழரும் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இந்த வருஷம் எங்கே? எங்கேயும் போகவில்லை என்று பதில் சொல்கிறவரை அக்கம்பக்கத்தார் சற்றுக் கவலையோடு பார்க்கிறார்கள்.

வங்காளிகளின் பயண மோகம் பழைய கதை. தீகா, பூரி, டார்ஜிலிங் ஆகிய மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘தீபுதா’ என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். வங்காளியில் அது ‘தீபு அண்ணா’ என்றும் காதில் விழும். வீட்டுக்கு வீடு தெரிந்த அந்த அண்ணனிடம்தான் நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தன. சற்று அதிகம் செலவழிக்க முடிந்தவர்கள் 1933 முதல் இயங்கிவரும் குண்டு ஸ்பெஷல் போன்ற நிறுவனங்களின் கூட்டத்தோடு கிளம்பினார்கள். கூடவே சமையல்காரரும் வருவார். ராஜஸ்தான் பாலைவனத்திலும் மீன் குழம்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை பல யாத்திரைகளைச் சாத்தியமாக்கியது.

இப்போது அதே குடும்பங்களின் மேஜையில் ஐரோப்பிய வரைபடம் விரிகிறது. ஐரோப்பா என்றால் ஏழு நாடுகளைப் பதினோரு நாளில் காட்டிவிடும் பஸ் பயணம் ஒரு வகை. ஒரே நாட்டில் தங்கி நிதானமாகப் பார்ப்பது இன்னொரு வகை. பாலிகஞ்சில் இரண்டாவது வகைக்கு நெடுநாள் ஆதரவு உண்டு. அதற்கு ஓர் எழுத்தாளரும் காரணம்.

பாலிகஞ்சின் மாண்டவில் கார்டன்ஸில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் சுனில் கங்கோபாத்யாய். 2012 அக்டோபர் 23 அன்று, பூஜை நாட்களுக்கு நடுவே, அவர் காலமானார். 1963-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போன இளம் கவிஞர் அங்கே மார்கரெட் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் நட்பைப் பெற்றார். பிரெஞ்சுக் கவிதையை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அந்த நினைவையும் பின்னாளில் நண்பர்களோடு பிரான்ஸில் செய்த பயணங்களையும் கலந்து சுனில் எழுதிய ‘சோபிர் தேஷே, கோபிதார் தேஷே’ இன்றும் வங்காளி வீடுகளில் படிக்கப்படுகிறது. ஓவியங்களின் நாட்டில், கவிதைகளின் நாட்டில் என்று பொருள். பிரான்ஸ் என்றதும் ஈஃபில் கோபுரத்தோடு நின்றுவிடாமல் ஆற்றங்கரை, கிராமம், ஓவியர் வாழ்ந்த ஊர் என்று யோசிக்கிற பழக்கத்தை அந்தப் புத்தகம் ஒரு தலைமுறைக்கே தந்தது.

ஆனால் யோசிப்பது சுலபம். திட்டமிடுவது கடினம். பிரான்ஸ் ஒரே நாடுதான். ஆனால் அதற்குள் பல நாடுகள் இருக்கின்றன.

நான்கு பேர், பன்னிரண்டு நாள்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய பாட்டி. பாட்டி பிறந்தது புதுச்சேரியில். சைவம். அடுத்த வருஷம் மகளுக்குப் பொதுத் தேர்வு. அதற்கு அடுத்த வருஷத்துக்குப் பாட்டியின் முழங்கால் உத்தரவாதம் தராது. சேமிப்பில் ஒரு பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறது. போவதென்றால் இந்தப் பூஜைக்குத்தான். இது சரியாக அமையாவிட்டால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதே கணக்கைப் போடும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம்.

அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பு பன்னிரண்டு நாள். கொல்கத்தாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடியாகப் பறந்துகொண்டிருந்த லுஃப்தான்சா 2012-ல் அந்தச் சேவையை நிறுத்தியது. பாரிஸ் போக தில்லியிலோ மும்பையிலோ வளைகுடா நகரம் ஒன்றிலோ விமானம் மாற வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்தால் கையில் மிஞ்சுவது பத்து.

அந்தப் பத்து நாளில் குடும்பத்தின் முதல் பட்டியல் இப்படி அமையும்: பாரிஸ், வெர்சாய், லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகள், ஸ்ட்ராஸ்பூர், ஆல்ப்ஸ் மலை, அவிஞோன், நீஸ் கடற்கரை. பிரான்ஸின் ஐரோப்பிய நிலப்பரப்பு சுமார் 5.5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் ரயில்கள் வேகமானவை என்பதால் பட்டியல் சாத்தியம் போலத் தோன்றும். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். போர்தோவுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். மார்சேலுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் கழித்தே பழகியவர்களுக்கு இது மாயாஜாலம்.

ரயில் அட்டவணை சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், இறங்கிய ஊரில் அடுத்த விடுதியைக் கண்டுபிடித்து, மூன்று மணிக்குத்தான் அறை தருவோம் என்று சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ஹவுராவும் சியால்தாவும் வேறு வேறு திசைக்கு ரயில் விடுவதுபோல, பாரிஸிலும் திசைக்கு ஒரு ஸ்டேஷன். ஸ்ட்ராஸ்பூருக்கு கார் த லெஸ்த், தெற்கே போக கார் த லியோன், மேற்கே போக மோன்பர்னாஸ். ஒரு திசையிலிருந்து வந்து இன்னொரு திசைக்குப் போகிறவர் நடுவில் பெட்டியோடு நகரைக் கடக்க வேண்டும். மெட்ரோவில் படி ஏறி இறங்காமல் முழுதும் போய்வரக்கூடியது 14-ஆம் தடம் மட்டுமே. பாட்டிக்கு பஸ்தான் நல்லது. பஸ் மெதுவாகப் போகும்.

ஐந்து ஊர் மாறினால் இரண்டரை நாள் ஸ்டேஷனிலும் விடுதி வாசலிலும் கழியும். பயணத்தில் கால்வாசி. ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு எளிமையானது: பத்து நாளுக்கு பாரிஸும் இன்னொரு பகுதியும். அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான்.

பாரிஸை விட முடியாது. பிரச்சினை அந்த ‘இன்னொரு பகுதி’ எது என்பதே.

படமும் பருவமும்

பயண நிறுவனங்களின் வண்ணப் புத்தகத்தில் பிரான்ஸ் என்றதும் தென்படுவது ஊதா நிற லாவண்டர் வயல். தெற்கே புரோவான்ஸ் பகுதியில் அது பூப்பது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும்தான். பூஜை வருவதோ செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதிக்குள். அந்த நேரத்தில் போகிறவர் பார்ப்பது அறுவடை முடிந்து கத்தரித்துவிட்ட சாம்பல் நிறப் புதர்கள். லாவண்டருக்காகவே புரோவான்ஸைத் தேர்ந்தெடுத்த பூஜைப் பயணி ஏமாறுவது நிச்சயம்.

லாவண்டரை மறந்துவிட்டால் புரோவான்ஸ் அக்டோபரில் மோசமில்லை. அவிஞோனில் 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் வாழ்ந்த மாபெரும் அரண்மனை இருக்கிறது. அருகே ரோமானியர் கட்டிய போன் து கார் நீர்ப்பாலம், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய பெரும் கற்களோடு கிட்டத்தட்ட 2,000 ஆண்டாக நிற்கிறது. வான் கோ 1888-ல் வந்து வெயிலைத் தீட்டிய ஆர்ல் நகரமும் பக்கத்திலேயே. இன்னும் கிழக்கே நீஸில் கடலைமாவைக் கரைத்து அகலமான தட்டில் சுட்டு ‘சோக்கா’ என்று விற்கிறார்கள். தமிழ் நாக்குக்கு அது தோசையின் தூரத்து உறவு. வடக்கிலிருந்து அடிக்கும் ‘மிஸ்த்ரால்’ காற்று மட்டும் சில நாள் ஆளையே தள்ளும்.

கிழக்கே அல்சாஸ். 1871-க்கும் 1945-க்கும் இடையில் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் நடுவே நான்கு முறை கைமாறிய பூமி. வீடுகளின் மரச் சட்டங்களும் ஊர்ப் பெயர்களும் ஜெர்மன் வாசனை வீசும். ஸ்ட்ராஸ்பூர் தேவாலயத்தின் 142 மீட்டர் கோபுரம் 1647 முதல் 1874 வரை உலகின் உயரமான கட்டடம். 1953-ல் திறக்கப்பட்ட திராட்சைத் தோட்டச் சாலை சுமார் 170 கிலோமீட்டர் கிராமங்களின் ஊடே செல்கிறது. அக்டோபரில் இலைகள் பொன்னிறமாகும். ஊர் சமதளம், டிராம் வசதி உண்டு, பாட்டிக்கு ஏற்றது. சாப்பாட்டில்தான் சிக்கல். பன்றி இறைச்சி எதிலும் எட்டிப்பார்க்கும். கேட்டு வாங்க வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையில் ஷாமோனி ஊரிலிருந்து கேபிள் கார் 3,842 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. எதிரே மோன் பிளாங்க் சிகரம், 4,800 மீட்டருக்குச் சற்று மேல். டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லில் நின்று 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்காவில் சூரியன் விழுவதைப் பார்த்த கொல்கத்தாக்காரர் இதற்காக ஐரோப்பா போக வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

லுவார் ஆற்றங்கரை, நாள் குறைவாக உள்ளவர்களுக்கு. பாரிஸிலிருந்து தூர் நகரம் வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1519-ல் தொடங்கிய ஷாம்போர் கோட்டையில் இரண்டு சுருள் படிக்கட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் செல்கின்றன. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் பார்த்துக்கொள்ளலாம், சந்திக்க முடியாது. ஷெனோன்சோ மாளிகை ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கிறது.

இப்படி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போனால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். அங்கேதான் திட்டம் கெடுகிறது. எந்தப் பகுதி அழகானது என்ற கேள்விக்கு பிரான்ஸில் விடை கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு எந்தப் பகுதியில் வேலை இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்கும்.

கிழக்கு என்ற ஊர்

பாரிஸின் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் மேற்கே போகும் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் லோரியான் வரும். பிரிட்டனி பகுதியின் தென் கரைத் துறைமுகம். பயணப் புத்தகங்களின் அட்டையில் இந்த ஊர் வராது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இங்கே நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டினார்கள். 1943 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி நகரைத் தரைமட்டமாக்கின. தளம் மட்டும் அசையவில்லை. போருக்குப் பின் எழுந்த கான்கிரீட் கட்டடங்களே இன்று கண்ணில் படுகின்றன.

ஆனால் ஊரின் பெயரைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சில் லோரியான் என்றால் கிழக்கு. 1664-ல் பிரெஞ்சு கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, கிழக்கே போகும் கப்பல்களைக் கட்டுவதற்காக இங்கே ஒரு தளம் அமைத்தது. அந்தக் கிழக்கு எது? 1674-ல் கம்பெனி காலூன்றிய புதுச்சேரி. அதே நூற்றாண்டின் இறுதிக்குள், ஹூக்ளி ஆற்றங்கரையில் அது பிடித்த சந்தன்நகர். 1739-ல் கிடைத்த காரைக்கால். பாட்டி பிறந்த ஊரையும், பேத்தி பிறந்த கொல்கத்தாவுக்கு அருகே உள்ள ஊரையும் நோக்கிக் கப்பல் விட்ட துறைமுகம் இதுதான்.

லோரியானிலிருந்து பயணிகள் படகில் எதிர்க்கரையின் போர் லூயி போய்விடலாம். அங்கே பழைய கடற்கோட்டைக்குள் கம்பெனியின் வரலாற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் மாதிரிகள், சீனப் பீங்கான், கூடவே இந்தியப் பருத்தித் துணிகள். நம்மூர் அச்சுத் துணிகள் பிரெஞ்சு நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று 1686-ல் அரசு அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. அதற்குள் கடத்தல் துணியில் சீமாட்டிகள் உடுத்தித் திரிந்தார்கள். சோழமண்டலக் கரையின் சாயப் பட்டறைகளிலிருந்து போன துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்த பாட்டிக்கு இதைவிட நெருக்கமான இடம் பிரான்ஸில் இருக்க முடியாது.

பிரிட்டனியின் வட கரையில் ஸான் மாலோ. 1746-ல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லா பூர்தொனே 1699-ல் பிறந்த ஊர். மதில் சூழ்ந்த நகரம் 1944-ல் எரிந்து, பிறகு பழைய சாயலிலேயே திரும்பக் கட்டப்பட்டது. மதில் மேல் நடந்தால் ஒரு பக்கம் வீதிகள், மறு பக்கம் கடல். ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் கடல் மட்டம் பத்து மீட்டருக்கு மேல் மாறும். காலையில் நடந்து போன மணல் திட்டு மாலையில் தீவாகிவிடும். நார்மண்டி எல்லையில் உள்ள மோன் ஸான் மிஷெல் குன்று இங்கிருந்து ஒரு நாள் பயணம். மேலே மடாலயத்துக்கு நூற்றுக்கணக்கான படிகள். பாட்டி கீழே காபி குடித்தபடி காத்திருக்கலாம். 2014-ல் திறந்த பாலம்வரை இலவச பஸ் போகிறது.

தென் கரையில் கார்னாக்கில் 3,000-க்கும் மேற்பட்ட நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆறாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. எதற்கு நட்டார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்திலும் பெருங்கற்காலப் புதைகுழிகள் தோண்டி எடுக்கப்பட்டதை அறிந்த தமிழருக்கு இந்தக் கற்கள் அந்நியமாகத் தெரியாது.

சாப்பாட்டிலும் பிரிட்டனி கைகொடுக்கிறது. கறுப்புக் கோதுமை மாவில் வார்க்கும் ‘கலெத்’ அந்தப் பகுதியின் அன்றாட உணவு. வட்டக் கல்லில் மாவை ஊற்றி மரக் கரண்டியால் இழுத்துப் பரப்புவதைப் பார்த்தால் எந்தத் தமிழ்ப் பெண்ணும் சிரித்துவிடுவார். பாலாடைக்கட்டியும் காளானும் வைத்துக் கேட்டால் சைவம்தான். அக்டோபரில் மழை உண்டு. கொல்கத்தாவில் ஆடி ஆவணியைக் கழித்தவர்களுக்குக் குடை புதிதல்ல.

ஆக இந்தக் குடும்பத்துக்குத் திட்டம் தானாக அமைகிறது. பாரிஸில் நான்கு இரவு. பிரிட்டனியில் ஐந்து இரவு, லோரியான் பக்கம் மூன்று, ஸான் மாலோவில் இரண்டு. கடைசி இரவு மீண்டும் பாரிஸ். அல்சாஸ் இல்லை, ஆல்ப்ஸ் இல்லை, நீஸ் இல்லை. விடுவது வலிக்கும். ஆனால் பிடித்தது முழுதாகக் கிடைக்கும்.

காகிதமும் காசும்

பாரிஸிலும் சில கணக்குகள் உண்டு. லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு லூவர் கட்டணம் 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் இந்தக் குடும்பம் மூன்று டிக்கெட் வாங்கினால் போதும். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பகல் உணவு நேரம் பன்னிரண்டிலிருந்து இரண்டு. தவறினால் பல உணவகங்களில் மாலை ஏழுவரை அடுப்பு எரியாது.

பாட்டி சோறு கேட்டால் வழி இருக்கிறது. கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் வட்டாரத்தில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியாப்பம், வெற்றிலை, தமிழ்ப் பத்திரிகை எல்லாம் கிடைக்கும். 1985-ல் நிறுவிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் விநாயகர் தேர் பாரிஸ் தெருக்களில் ஓடுகிறது. தேங்காய் உடைப்பதைப் பார்க்க பிரெஞ்சுக்காரர்களும் கூடுகிறார்கள். பூஜை விடுமுறைக்குள் தேர் முடிந்துவிடும். கோவில் இருக்கும்.

விசாவுக்குத்தான் பொறுமை வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு வரும், சில சமயம் நாற்பத்தைந்து நாள்வரை நீளும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வரை பாதி. அதனால் மகளுக்கும் முழுக் கட்டணம். நான்கு பேருக்கு 360 யூரோ, மேலே விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எனவே விசா கிடைக்கும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதிகளையே பதிவு செய்வது புத்திசாலித்தனம். ஒரே நாட்டில் தங்குவதன் ஆதாயம் இங்கேயும் தெரியும். ஷெங்கன் விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏழு நாடு போகிறவருக்குக் குழப்பம். பிரான்ஸ் மட்டும் போகிறவருக்குக் கேள்வியே இல்லை.

வேக ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அக்டோபர் பிற்பாதியில் இரண்டு வார விடுமுறை. பூஜை அதோடு மோதும் ஆண்டில் கடற்கரை விடுதிகளின் வாடகையும் ஏறும். போன் செய்து கேட்க நாலு வார்த்தை பிரெஞ்சு தெரிந்தால் உதவும். கோல்பார்க்கில் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிலையத்தில் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்கள். பாலிகஞ்சிலிருந்து நடந்தே போகலாம். மகளுக்கு அது தேர்வுக்கும் உதவக்கூடும்.

ஒத்திகை

இவ்வளவும் முடிவான பிறகு செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு விசா வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சந்தன்நகர். 1949-ல் மக்கள் வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவு செய்த ஊர். 1950 மே 2 அன்று நிர்வாகம் கைமாறியது. ஹூக்ளிக் கரையோர நடைபாதையும், பழைய நீதிமன்றமும், துப்ளே வாழ்ந்த மாளிகையில் அமைந்த அருங்காட்சியகமும் இன்னும் இருக்கின்றன. இங்கே பத்து ஆண்டுக்கு மேல் நிர்வாகியாக இருந்துவிட்டுத்தான் துப்ளே 1742-ல் புதுச்சேரிக்கு கவர்னராகப் போனார்.

ஆற்றங்கரைப் பெஞ்சில் பாட்டியை உட்கார வைத்து, அவர் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பற்றிக் கேட்டால் அரை நாள் போதாது. பேத்தி அதைக் கேட்டபடி எத்தனை தூரம் பாட்டியால் களைக்காமல் நடக்க முடிகிறது என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். லோரியானிலும் அதே தூரம்தான் நடக்க முடியும். திட்டத்தின் மற்ற எல்லா வரிகளையும் அந்தக் கணக்கிலிருந்து எழுதினால் போதும்.